ஒரு மணி நேரம் அறுபது ரூபாய்

குணாளனைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அப்படியொன்றும் நல்லவள் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம், எங்கள் நெல் நிலத்தில் விற்றது போக மிஞ்சிய பத்து சென்ட்டில் வரிசையாக ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். ரூமுக்கு ஒரு சப் மீட்டர். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறேன். கரண்டு ஆபீஸில் அவ்வளவு கேட்பதில்லை என்பது எனக்கும் தெரியும், குடியிருப்பவர்களுக்கும் தெரியும். அவர்கள் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் போன பிறகு, பிள்ளை அன்புராஜ் ஓசூரில் வேலை என்று போய் உட்கார்ந்த பிறகு, என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

மாதம் பிறந்தால் முதல் தேதி நோட்டை எடுத்துக்கொண்டு மீட்டர் பார்க்கப் போவேன். மற்ற ரூம்களில் ஐம்பது, எழுபது என்று ஓடியிருக்கும். மூன்றாம் நம்பர் ரூமில் ஆறு யூனிட். முதல் மாதம் மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த மாதமும் ஆறு. கொக்கி போட்டுத் திருடுகிறான் என்று முடிவு கட்டி, எலெக்ட்ரீஷியன் சாம்சனைக் கூப்பிட்டு இருநூறு ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஆக, குணாளன் எனக்கு முதலில் அறிமுகமானது திருடனாக. பிறகு கஞ்சனாக. மனுஷனாக அவனைப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஆள் நாற்பத்தாறு வயது, கறுத்து ஒடிசலாக இருப்பான். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். அடுத்தவர் படகில் போய் வலை இழுத்துக்கொண்டிருந்தவன், கூலி போதவில்லை என்று இங்கே இரும்புக் கம்பி உருக்கும் மில்லில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்துவிட்டான். பெண்டாட்டி ஹேமாவதி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பிள்ளை குட்டி இல்லை. இவ்வளவும் ரூம் கேட்டு வந்த அன்றே சொல்லிவிட்டான். குவைத் என்றதும் நான் வாடகையில் இருநூறு ஏற்றிச் சொன்னேன். அவன் அரை மணி நேரம் நின்று அந்த இருநூறைக் குறைத்துவிட்டுத்தான் உள்ளே போனான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள், மில் சூடு போதாதென்று ஊர் சூடும் சேர்ந்து கொளுத்துகிறது. ஃபேனைப் போடாமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தரையில் படுத்திருந்தான். பக்கத்து ரூம்காரர்கள் காசு போட்டு பிரியாணி வாங்கிக்கொண்டு வந்து இவனையும் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"இன்னா குணா, உம் பொண்டாட்டி அங்க தினாரா சம்பாதிச்சு அனுப்புறா. நீ இங்க ரசத்தக் குடிச்சுகினு வேர்வைல கெடக்குற. யாருக்குடாப்பா சேத்து வெக்கிற?"

அவன் கோபப்படவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"க்கா, அவளுக்கு மாசம் இருவத்தேழாயிரம். ஒரு நாளைக்கு தொள்ளாயிரம். காலைல அஞ்சு மணிக்கு நின்னான்னா ராத்திரி எட்டு வரைக்கும் நிக்கிறா. பதினஞ்சு மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு அறுவது ரூபா ஆவுது. இந்த பிரியாணி நூத்தி இருவது. நான் இத்தத் துன்னா, அவ ரெண்டு மணி நேரம் அங்க ஜாஸ்தியா நிக்கணும்."

சரி சரி என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பிட்ட சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவனைக் கஞ்சன் என்று கூப்பிட நாக்கு எழவில்லை.

அவர்கள் ஆசைப்பட்டது பெரிய கோட்டை ஒன்றும் இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஹேமாவதி குப்பத்தில் கொழுந்தன் வீட்டு முன்னறையில் குடித்தனம் செய்திருக்கிறாள். வீட்டுக்குள் யார் போக வேண்டுமென்றாலும் அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும். புடவை மாற்றினாலும் அவசரம், அழுதாலும் அவசரம். நானே பூட்டி நானே திறக்கிற கதவு ஒன்று வேண்டும் என்றாளாம். இங்கே பக்கத்திலேயே இருக்கிற ஆரணியில் ரெண்டு சென்ட்டில் சின்ன வீடு என்றாலும் இருபது லட்சம் வேண்டும். அவள் குவைத் போவது, அனுப்புவதை அப்படியே போடுவது, இவன் இங்கே மாதம் பத்தாயிரத்துக்குள் இருந்துகொண்டு மீதியைப் போடுவது. அஞ்சு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும் என்று ரெண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள்.

இவன் அந்தப் பத்தாயிரத்தை ஐயாயிரத்து ஐநூறாக்கினான். பெண்டாட்டிக்குச் சொல்லவில்லை. வாடகை ரெண்டாயிரத்து ஐநூறு போக மீதி மூவாயிரத்தில் ஒரு மனுஷன் எப்படி வாழ்கிறான் என்று நான் கண்ணால் பார்த்தேன். ரேஷன் அரிசி. மாதம் ஒரு தரம் புளி, பருப்பு, எண்ணெய். கேன் தண்ணீர் வாங்காமல், ஷிஃப்ட் முடிந்து வரும்போது கம்பெனி ஃபில்டரில் பாட்டில்களை நிரப்பி சைக்கிளில் மாட்டிக்கொண்டு வருவான். டீக்கடைக்குப் போகமாட்டான். போனால் இன்றைக்கு ஒருத்தர் வாங்கித் தருவார், நாளைக்கு இவன் வாங்கித் தர வேண்டும். அப்படியே ஆள் பழக்கம் போனது. குப்பத்துக்கு அம்மன் திருவிழாவுக்குப் போனால் வரி, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் மொய். அதனால் சொந்தமும் போனது. பத்திரிகை வைக்க வந்தவர்கள் ரெண்டாவது வருஷத்தோடு நின்றுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கச் சகிக்காது. லீவு நாள். ரூம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து எதிரே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். டிவி கிடையாது. போனில் படம் பார்த்தால் நெட்டு தீர்ந்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பதற்குத்தான் செலவே இல்லை. நான் ரெண்டு தரம் குறுக்கே போவேன், வருவேன். ஏதாவது பேசினால் பதில் சொல்வான். தானாக ஒரு வார்த்தை பேசமாட்டான். பேச்சே மறந்துபோன மாதிரி, சமயத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பதிலே வரும்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு அரை நாள் லீவு. அன்றைக்கு மட்டும் குளித்துத் தலை சீவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவான். அங்கே அரை மணி நேரம் ஓசி வைஃபை. சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றுகொண்டு பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வருவான். என்ன பேசுவீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். "எவ்ளோ சேந்துச்சுன்னு சொல்வேன் க்கா. அவ சரிம்பா" என்றான். வேறு என்ன என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்தான். வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

நாலரை வருஷத்தில் இருபது லட்சம் சேர்ந்துவிட்டது. எட்டு மாதம் முன்னதாக. பாஸ்புக்கை எடுத்து வந்து எனக்குக் காட்டினான். "எட்டு மாசம் க்கா. அவளுக்கு எட்டு மாசத்த மிச்சம் பண்ணிட்டேன்" என்றான். நான் அவனுக்குக் கேசரி செய்து கொடுத்தேன். ஒரு கிண்ணம் சாப்பிட்டான், மீதியை மறுநாளைக்கு எடுத்து வைத்துக்கொண்டான்.

ஹேமாவதி ஒரு வியாழக்கிழமை வந்தாள். குணாளன் போனில் காட்டிய போட்டோவில் பார்த்ததைவிட நேரில் உயரம். கணுக்கால் ரெண்டும் வீங்கியிருந்தது. எனக்கு ஒரு செண்ட்டு பாட்டிலும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தாள். வந்த நாலாவது நாளே என்னோடு ஒட்டிக்கொண்டாள். நாலரை வருஷமாக யாரோடும் வாய்விட்டுப் பேசாதவள் போல, வாசலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். எனக்கும் அது வேண்டித்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

இவனுக்கோ அவளைக் கண்ட சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை. ஆனால் அந்த சந்தோஷத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியவில்லை. அவள் ஃபேனைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள், இவன் எழுந்து அணைப்பான். அவள் ரெண்டாவது டீ போட்டால் பால் பாக்கெட்டைத் தூக்கிப் பார்ப்பான். ஒரு வார்த்தை கடிந்து சொல்ல மாட்டான். பார்ப்பான், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் ரெண்டு அடி அடித்திருந்தால் தேவலை என்று பிறகு அவள் என்னிடம் சொன்னாள்.

வீடு பார்க்க ஆரணிக்குப் போனார்கள். புரோக்கர் சுப்பராயன் காட்டிய ரெண்டாவது வீடே அவளுக்குப் பிடித்துப்போனது. பின்னால் ஒரு கொய்யா மரம். முன்கதவை அவளே சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தாளாம். பத்தொன்பதரை லட்சம் சொன்னார்கள். பதினெட்டரைக்குக் கொடுத்தால் பார்க்கலாம் என்று குணாளன் சொல்லிவிட்டு வந்துவிட்டான். "ரெண்டு மாசம் பொறுத்தா எறங்கி வருவான் க்கா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். ஒன்பதாம் நாள் வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹேமாவதி வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அவன்தான் வேறு வீடு, வேறு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன்காரம்மா ஸ்கூட்டியில் வந்தபோது ஹேமாவதி அரைக் கிலோ இறால் வாங்கினாள். பழவேற்காட்டு இறால், முந்நூற்று அறுபது ரூபாய். வாசனை ஆறு ரூமுக்கும் போனது. நான் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் கதவு திறந்திருந்தது. இவன் தட்டைப் பார்த்துவிட்டு, திட்டுகிற மாதிரி இல்லை, மணி என்ன என்று சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"ஆறு மணி நேரம்."

"இன்னாது?"

அவன் விளக்கினான். அறுபது ரூபாய், பதினைந்து மணி நேரம், எல்லாம். அவளுக்கு இது தெரியவே தெரியாது. நாலரை வருஷமாக இந்த மனுஷன் தன்னை நினைத்தே சாப்பிடாமல் இருந்திருக்கிறான் என்று கேட்டால் எந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கும் என்றுதான் நான் நினைத்தேன். அவளுக்கும் கலங்கியது. ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை.

"அந்த ஆறு மணி நேரம் நான் நின்னு முடிச்சுட்டேன்யா" என்றாள். "முடிஞ்சு போச்சு. இனிமே உக்காந்து துன்னத்தான் வந்திருக்கேன். இங்கயும் நிக்கச் சொல்றியா?"

"அய்ய, நான் அப்டி சொல்லல மே…"

"அந்த ஊட்டுலயும் என் மணி நேரத்ததான் எண்ணாங்க. நீயும் அத்தயே எண்ணு."

அவன் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டான். இறாலை அவளுக்கு ஒதுக்கி வைத்தான். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிறகு ஒரு விஷயத்தைச் சொன்னாள். அந்த வீட்டு மேடம் அவளை முழுதாக அனுப்பவில்லை. லீவில் அனுப்பி, திரும்பி வரவும் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதி.

"அவருகிட்ட சொல்லல க்கா. போவக் கூடாதுன்னுதான் வந்தேன். அந்தத் தேதி வந்தா, வுட்டுடலாம்னு. அது பாட்டுக்குப் போவட்டும்னு."

"இப்ப?"

"பாக்கலாம் க்கா."

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். நான் ஆறு நாள் சொல்லாமல் இருந்தேன், என் வயிற்றுக்கு அது பெரிய சாதனை. ஏழாம் நாள், தேதி இருபத்திரண்டு, மில்லிலிருந்து வந்தவனைச் சைக்கிளோடு நிறுத்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "போவாதன்னு ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே போயி எந்த ஊடா இருந்தாலும் அட்வான்ஸ் குடு. புரிதா?" என்றேன். சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினான். நான் ஏதோ பெரிய புண்ணிய காரியம் செய்துவிட்ட மாதிரி நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலையில் ஹேமாவதி வந்தாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. சிரிக்கக்கூடச் செய்தாள்.

"சொல்லிட்டியா க்கா? பரவால்ல வுடு. உள்ள வந்தாரு. மூச்சு வாங்குது. எங்கைய புடிச்சுகினாரு. இந்த மனுசன் எங்கைய புடிச்சு எத்தினி வருசமாச்சு. இன்னா சொல்லப் போறாருன்னு பாத்துகினே இருக்கேன். டிக்கெட்ட கேன்சல் பண்ணா எவ்ளோ காசு திரும்பி வரும்னு கேட்டாரு."

"அவன் நீ போவக் கூடாதுன்னுதான்டி கேட்டான்!"

"தெரியும் க்கா" என்றாள். "எனுக்குத் தெரியாதா? ஆனா போவாதன்னு ஒரு வார்த்த வாயில வர்ல பாரு. அந்த வார்த்தைக்கு இன்னா செலவு?"

நான் அவனைத் திட்டினேன், அவளைத் திட்டினேன், குவைத்தைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி அவள் போனாள். அவன் ஏர்போர்ட்டுக்குக் கார் பிடித்தான். ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய், பேரம் பேசாமல். ஆனால் அது போவதற்கான கார். திரும்பும்போது ரயிலில் வந்தான். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவனிடம் என்னடா சொன்னாள் என்று கேட்டேன். கார் முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தாளாம். இவன் எழுப்பவில்லையாம்.

அது நடந்து மூன்று மாதமாகிறது. பணம் பேங்கில் அப்படியே கிடக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு அக்ரிமெண்ட் போட்டுக் கொடுத்துவிட்டாள் என்று அவன்தான் சொன்னான். இப்போது ஸ்டேஷனுக்குப் போவதில்லை. போனுக்குப் பெரிய ரீசார்ஜ் போட்டிருக்கிறான். ஆள் மாறிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாடகை ரசீது கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தான், முகம் தெரியாமல், வெறும் குரலில். முன்னால் தட்டில் சோறும் ரசமும். பக்கத்தில் ஒரு அப்பளம்கூட இல்லை.

"சங்கரா மீனு மே. அரைக் கிலோ வாங்கனேன். நல்லா காரமா வெச்சேன்… ஃபேனா? ஓடிகினுதான் கீது. ராத்திரி பகலா ஓடுது… இல்ல, மணி நேரமெல்லாம் இப்ப நான் எண்றதில்ல. அத்த வுட்டுட்டேன்."

என்னைப் பார்த்துவிட்டான். ஒரு நொடி அவன் கண்ணில் வந்த கெஞ்சல் இருக்கிறதே, என் பிள்ளைகூட என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. "அக்காவே வந்துகீது, கேட்டுப் பாரு" என்று போனை என்னிடம் நீட்டினான்.

"க்கா, நெசமாவா? மீனு வாங்கனாரா?" என்றாள் ஹேமாவதி. அவள் குரலில் ஆசை இருந்தது. சத்தியமாக இருந்தது.

"ஆமாண்டி. வாசன என் ஊடு வரைக்கும் வந்துதுன்னுதான் எட்டிப் பாத்தேன்" என்றேன்.

போனை வாங்கிக்கொண்டான். பேசி முடித்த பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழம வாங்கிடறேன் க்கா. நெசமா" என்றான். வாங்கு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மீன்காரம்மா வந்து ஹாரன் அடித்தாள். அவன் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஐநூறு ரூபாய் நோட்டோடு, கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். நான் வேண்டுமென்றே என் வாசலில் நின்றுகொண்டேன். சங்கரா அரைக் கிலோ எவ்வளவு என்று கேட்டான். இருநூற்று நாற்பது என்றாள். அவள் எடை போட்டுத் தட்டில் எடுத்து வைத்துவிட்டாள். அவன் நோட்டை நீட்டினான். அவள் வாங்கக் கை நீட்டினாள். நோட்டு அவன் விரலை விட்டு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"நாலு" என்றான்.

மீன்காரம்மா புரியாமல் என்னைப் பார்த்தாள். அவன் வெறும் கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.